போர்வைக்குக் கீழே இரண்டு பெட்டிகள்

பெப்ரவரி 16, திங்கள்

மத்தியானம் சோறு தின்னும்போது அப்பா சொன்னார்: "உயிர்ப்புத் திருவிழா முடிய அஸ்மி நானா வருவார். ஸ்பீக்கர் பெட்டி ரெண்டையும் ஏத்திக் குடுத்துவிடச் சொல்லு." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அது அம்மாவுக்கு.

அம்மா முள் எடுத்துக்கொண்டே, "கொண்டு போகட்டும் எண்டு சொல்லு" என்றா. அதுவும் என்னைப் பார்த்து.

டிசம்பர் நத்தாரிலிருந்து இரண்டு பேரும் இப்படித்தான். ஒரே பாயில் இருந்து சாப்பிடுகிறார்கள், நடுவில் நான் தபால்காரி.

அஸ்மி நானா கடற்கரையில் லொட்ஜ் வைத்திருக்கிறவர். பெட்டிக்குள் இருக்கிறதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலே கண்ணாடி போட்டு, வெள்ளைக்காரர் கோப்பி குடிக்கிற மேசையாக்கப் போகிறாராம். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மா குவைத்தில் வேலை செய்த காலத்தில் தனக்கென்று வாங்கிய ஒரே சாமான் அந்தப் பெட்டிகள். என் இடுப்பளவு உயரம். பழசாகத்தான் வாங்கினா, கப்பலில் போட்டு அனுப்பினா. போன வருசம் வரைக்கும் அம்மா மீன் வெட்டினாலும் பாட்டு, தலை இழுத்தாலும் பாட்டு. பைலா போட்டால் கத்தியோடேயே ஆடுவா. எங்கள் கண்டக்குழி ஊரில் வீட்டுக்கு வழி கேட்டால், "பாட்டுக் கேக்கிற பக்கம் போ" என்பார்கள்.

மாரி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு இடது பெட்டி கர்ர்ர் என்று கத்தத் தொடங்கியது. பக்கத்துப் பலகை மூலையில் விட்டுப்போயிருந்தது. அப்பா அதைக் கடற்கரை வாடிக்குக் கொண்டுபோய், மீன்பிடிப் போட்டுகளுக்குப் போடுகிற ஃபைபரும் ரெசினும் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் வாளி, கதிரைக் கால், என் குடைப் பிடி எல்லாவற்றிலும் ஃபைபர் இருக்கிறது. ஆனால் நத்தார் அன்று அம்மா பாட்டைப் போட்டதும் கர்ர்ர் இன்னும் கூடிவிட்டது. பாட்டும் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி. அம்மா பாட்டுச் செட்டை நிற்பாட்டிவிட்டுச் சொன்னா: "இனி ஆராவது என்ர பெட்டியில கை வைச்சா, அந்தக் கையால சோறு தின்னமாட்டீங்க."

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டே இல்லை. அம்மா ஆடவுமில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? ஒரு விசயம் எனக்குத் தெரியும். நத்தார் அன்று கர்ர்ர் என்று கத்தும்போது நான் பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன், கத்தியது. அழுத்தினேன், நின்றது. அப்படியென்றால் பெட்டி சாகவில்லை. பலகை மட்டும்தான் ஆடுகிறது.

சொல்லலாம்தானே? சொல்ல எனக்குப் பயம். எனக்கு இடிக்குப் பயம், கணித ரீச்சருக்குப் பயம், கிணற்றடித் தவளைக்குக்கூடப் பயம். அம்மாவுக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பயம். நுளம்பு வலைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பெப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

அம்மா பெட்டி இரண்டையும் பழைய ஊதாப் போர்வையால் போர்த்திவிட்டா. தவக்காலம் முடியும்வரை எங்கள் வீட்டில் பாட்டு இல்லை, ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடுவதற்கு முதலே அம்மா பெட்டிகளை மூடிவிடுவா.

நெற்றியில் சாம்பலோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உயிர்ப்பு ஞாயிறுவரை அந்தப் போர்வையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். கீழே என்ன நடந்தாலும் தெரியாது.

சீ. என்ன நினைப்பு இது.

பெப்ரவரி 20, வெள்ளி

ஸம்ஹாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் அவளுடைய வீடு. நோன்புக்கு அவளுடைய பள்ளிக்கூடம் லீவு. பகல் முழுக்கச் சும்மா இருந்து பசியை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"புள்ள, வீடியோவில எல்லாம் இரிக்கி," என்றாள். "பழைய பசையைச் சுரண்டணும். புதுப் பசை பூசணும். கட்டி இறுக்கணும். ஒரு நாள் தொடாம விடணும். அவ்வளவுதான்."

"அம்மா கண்டா?"

"கண்டா ஒன்ட மௌத்து வீட்டுக்கு நான் அழ வருவன்."

அவளோடு ஏன் சிநேகிதமாக இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

பெப்ரவரி 24, செவ்வாய்

திறந்துவிட்டோம்!

அம்மா இரண்டரைக்குக் கருவாடு புரட்டக் கடற்கரைக்குப் போவா, பொழுதுபடத்தான் வருவா. அப்பா வாடியில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருப்பார். ஸம்ஹா வேலி ஓட்டையால் வந்தாள். அப்பாவின் இஞ்சின் சாமான் பெட்டியில் இருந்து திருப்புளியை எடுத்தேன். எடுக்கும்போது அது இரண்டு தரம் விழுந்தது.

பெரிய கறுப்பு ஸ்பீக்கர்க் கோன் முன்பக்கத்தில் இருக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு சோற்றுக் கோப்பை அளவு துவாரம். உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சுக்குள் மண், ஒரு காய்ந்த பல்லி. ஸம்ஹா கத்தாமல் இருக்கத் தாவணியைக் கடித்துக்கொண்டாள். நான் பல்லிக்குப் பயப்படவில்லை. வேறு பயம் நிறைய இருந்ததால் அதற்கு இடமில்லை.

கையை விட்டுப் பார்த்தேன். என் கை குச்சி என்று எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அந்தத் துவாரத்துக்குள் தோள்வரை போனது என் கை மட்டும்தான். பக்கத்துப் பலகைக்கும் மேற்பலகைக்கும் நடுவில் என் நகம் போகிற இடைவெளி. அதன் மேலே அப்பாவின் ரெசின், காய்ந்த சீனிப்பாகு மாதிரிக் கட்டி கட்டியாக. ஆனால் நெண்டிப் பார்த்தால் ஒரு பக்கம் அப்படியே பெயர்கிறது. போட்டில் பிடிக்கிற மாதிரி இந்தப் பலகையில் அது பிடிக்கவேயில்லை. இது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?

நாலரைக்கு எல்லாவற்றையும் பழையபடி பூட்டிப் போர்த்தினோம். சுரண்டுகிறதுக்கு மெல்லிய கத்தி வேண்டும். அம்மாவின் மீன் கத்தி ஒன்றுதான் வீட்டில் அப்படி இருக்கிறது.

பெப்ரவரி 26, வியாழன்

அம்மா மீன் கத்தியைத் தேடுகிறா. மாதாவே.

மார்ச் 3, செவ்வாய்

சுரண்டி முடிய நாலு பின்னேரம் போனது. கத்தியைத் தினமும் கழுவி, திரும்பக் குசினியில் வைக்கிறேன். அதன் கூர் போய்விட்டது. அம்மா மீனைப் பார்த்து ஏசுகிறா. "என்ன மீனோ, தோல் தகரம் மாதிரிக் கிடக்கு!" நான் குனிந்து வெங்காயம் உரிக்கிறேன்.

இன்று பசை. தச்சு வேலைக்குப் பூசுகிற வெள்ளைப் பசை, ஸம்ஹா வீட்டில் கதவுக்கு வாங்கி மிஞ்சியது. இடைவெளிக்குள் ஈர்க்கால் தள்ளித் தள்ளிப் பூசினேன். உள்ளே மூலைகளில் கூரைக்கு அடிக்கிற றீப்பைச் சட்டத் துண்டுகளை வைத்து ஒட்டினேன், பலகை இனி விலகாமல். ஸம்ஹா வெளியே இருந்து போன் வெளிச்சம் பிடித்தாள். அவளுக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது.

"என்ட நோன்பு ஒன்ட பெட்டியாலதான் முறியப்போகுது. இந்தப் பசை பால் மாதிரியே இரிக்கி."

"குடியாத."

"அல்லாஹ்வே, குடிக்கவா சொன்ன? பாக்கிறன், அவ்வளவுதான்."

பிறகு கட்டுகிற வேலை. வீடியோவில் நீட்டு இரும்புப் பிடிகள் போட்டு இறுக்குகிறார்கள். எங்களிடம் எங்கே? ஆனால் கயிறு இருக்கிறது. கண்டக்குழியில் வேறு என்ன இல்லாவிட்டாலும் கயிறு இருக்கும். ட்ரக்டர் பெட்டியில் போட்டை ஏற்றினால் அப்பா கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு தடியைச் செருகி, தடியை முறுக்கி முறுக்கி இறுக்குவார். அதையே செய்தேன். மூலைகளில் காட்போட் மட்டையை மடித்து வைத்தேன், கயிறு பலகையை வெட்டாமல். தடியை முறுக்க முறுக்க இடைவெளி மூடி, பசை வெள்ளை மணிகளாக வெளியே வந்தது. ஒரு நேர்கோட்டில்! அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஆளை ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம், சத்தமே போடாமல்.

ஈரத் துணியால் துடைத்தேன். கயிறோடும் தடிகளோடும் அப்படியே விட்டு மேலே போர்த்தியாயிற்று. நாளைப் பின்னேரம்வரை யாரும் தொடக்கூடாது.

மார்ச் 4, புதன்

இன்று நான் செத்துப் பிழைத்தேன்.

பள்ளிக்கூடத்தால் வந்தால் அம்மா இன்னும் கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறா. இடது பெட்டிக்கு மேலே தோய்த்த உடுப்புச் சட்டி. அம்மா சட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் சித்தியோடு கதைக்கிறா. போர்வைக்குள்ளால் தடி ஒன்று ஒட்டகத்தின் முதுகு மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மா கதைத்துக் கதைத்து அந்த மேட்டை விரலால் தடவிக்கொண்டிருக்கிறா.

இப்ப பார்ப்பா, இப்ப பார்ப்பா, இப்ப பார்ப்பா. நான் கதவடியில நிண்டு அருள்நிறை மரியே சொன்னன். பாதியில மறந்துபோச்சு. திரும்பத் தொடக்கத்தில இருந்து சொன்னன். பிறகு வாயில வந்ததைச் சொன்னன்: "அம்மா, மழை வரப்போகுது. கருவாடு!"

வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. அம்மா சட்டியையும் விட்டுவிட்டு ஓடினா.

பொய் சொன்னது பாவம். ஆனால் சட்டியின் பாரம் பசைக்கு நல்லது என்று ஸம்ஹா சொல்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

கயிற்றை அவிழ்த்தேன். விரலால் தட்டினேன். முந்தித் தட்டினால் கிலுகிலு என்னும். இப்போது டொக். ஒரே டொக். முழுப் பெட்டியும் ஒரு மரம் மாதிரி.

மார்ச் 13, வெள்ளி

பாட்டுப் போட்டுப் பார்க்க முடியாது. தவக்காலத்தில் எங்கள் அப்பா அருமைநாயகத்தின் வீட்டில் பாட்டுக் கேட்டது என்றால் கோயில் சுவாமிக்குச் செய்தி போக ஐந்து நிமிசம் வேண்டாம். ஸம்ஹாவுக்கும் நோன்பு. ஆனால் வீடியோவில் ஒரு வழி சொல்லியிருந்தது: பாட்டு வேண்டாம், ஒரே சுரமாக ம்ம்ம்ம் என்கிற சத்தத்தை மெதுவாக விட்டு, ஒவ்வொரு பலகையிலும் கை வைத்துப் பார்க்கலாம்.

"பாட்டு இல்லையே, மாடு கத்துற மாதிரித்தானே," என்றாள் ஸம்ஹா. "நோன்பு முறியாது."

அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போன பிறகு செட்டைப் போட்டோம். ம்ம்ம்ம். மெதுவாக. கொஞ்சம் கூட்டி. கர்ர்ர் இல்லை! பலகை ஆடவில்லை, மூலை கத்தவில்லை. நான் தரையில் படுத்துவிட்டேன்.

பிறகு வலது பெட்டியில் விட்டேன். அதில் ம்ம்ம்ம் வயிற்றில் வந்து நின்றது. திரும்ப இடது. அது கர்ர்ர் இல்லாமல் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிற்றுக்கு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பாடுகிற மாதிரி.

திரும்பத் திறந்தேன். கோனைப் பார்த்தேன், கிழியவில்லை. வயரை மாற்றிப் பார்த்தேன். பஞ்சைத் தட்டி உதறி வைத்தேன். அதேதான்.

இவ்வளவும் செய்து, இது போதாது. அம்மாவின் காதுக்கு உடனே தெரியும். "குடுத்துவிடு" என்று சொல்லிவிடுவா.

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றும் எழுத இல்லை. கணிதத்தில் முப்பத்தெட்டு.

மார்ச் 21, சனி — நோன்புப் பெருநாள்

ஸம்ஹா பெருநாள் உடுப்போடு வட்டிலப்பம் கொண்டுவந்தாள். இந்தமுறை வேலி ஓட்டையால் இல்லை, வாசலால், பெரிய மனிசி மாதிரி. அம்மா அவளுக்குக் கதிரை போட்டா. "என்ன மகள், ஒரு சுத்து மெலிஞ்சுபோனாய்?" என்று கேட்டா. ஸம்ஹா என்னைப் பார்த்துக்கொண்டு, "வேலை கூட, மாமி" என்றாள். நான் வட்டிலப்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் ஸம்ஹாவின் புதுக் காப்பு கழன்று உருண்டு, வலது பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பெட்டி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடக்கிறது. அதை ஒருநாளும் அசைத்ததில்லை. இரண்டு பேரும் மெல்ல இழுத்தோம்.

பின்பக்கத்தில் ஒரு வட்டத் துவாரம். தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு. உடைந்த துவாரம் இல்லை, அழகான கறுப்புக் குழாய், விளிம்பெல்லாம் மழுக்கி.

நான் போய் இடது பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினேன். துவாரம் இல்லை. அந்த இடத்தில் வழுவழுப்பாக, கொஞ்சம் மேடாக, கறுப்புப் பெயின்ற். போட்டுக்கு அடிக்கிற பெயின்ற். உள்ளே கையை விட்டபோது ஒரு குழாய் தட்டுப்பட்டதுதான். அதன் மற்ற முனை மூடியிருப்பதை நான் யோசிக்கவேயில்லை.

ஸம்ஹா மெதுவாகக் கேட்டாள்: "ஒன்ட வாப்பா போட்டுல ஓட்டையைக் கண்டா என்ன செய்வார்?"

ஐயோ அப்பா! அப்பா அப்பா அப்பா! பலகையை ஒட்டப் போன நேரம் பின்னால ஓட்டையைக் கண்டிருக்கிறார். தண்ணி அதுக்காலதான் போனது எண்டு நினைச்சிருப்பார். மூண்டு பட்டு ஃபைபர் போட்டு, ரெசின் பூசி, அரம் போட்டு, பெயின்றும் அடிச்சு, எவ்வளவு வடிவா அடைச்சிருக்கிறார்! சத்தம் வெளியில வாற வாயை!

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அம்மா அடுப்படியில் இருந்து, "என்ன அங்க?" என்றா. ஸம்ஹா, "வட்டிலப்பம், மாமி!" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

முதலே சொல்லிவிடுகிறேன், நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

ஃபைபர் சும்மா பெயராது. இது குழாயில் இறுகிக் கல்லாகிவிட்டது. இரும்பு அரிகிற வாளின் அலகை மட்டும் எடுத்துத் துணி சுற்றி அறுத்துக்கொண்டிருந்தேன். ஸம்ஹா இன்று வரவில்லை. பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது, போர்வை ஒரு மூலையில், நான் நடுவில். வாசலில் நிழல் விழுந்தது.

அப்பா.

தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்திருக்கிறார். நான் எழும்பவும் இல்லை, அலகைக் கீழே வைக்கவும் இல்லை. அழுகை மட்டும் தானாக வந்தது.

"என்ன செய்யிற?"

"அறுக்கிறன்."

"ஏன்?"

"அப்பா, இது... இது ஓட்டை இல்ல. இது வாய். மற்றப் பெட்டியிலயும் இருக்கு. காத்து இதுக்காலதான் போய் வரவேணும். அப்பதான் தாளத்தின்ர தடிச்ச சத்தம் வரும். நீங்க அடைச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு அடிக்குக் காத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா வலது பெட்டியின் பின்னால் குனிந்து, அந்தத் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு பக்கத்துப் பலகைக்கு வந்தார். மூட்டில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கேயும் போகவில்லை.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான். ஸம்ஹாவும்."

"கயிறு போட்டா?"

"தடி முறுக்கி."

அப்பா தரையில் இருந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்!

"ஓட்டை எண்டா அடைக்கிறதுதானே பிள்ளை? இருபத்தஞ்சு வருசமா வேற என்ன செஞ்சன்? ஓட்டையோட ஆராவது கடலுக்குப் போவானா?"

பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஃபைபர்த் தூள் பட்டுச் சிவந்திருந்தது. "தேங்காயெண்ணெய் பூசாமலா அறுத்தனி? இண்டைக்கு நீ சொறிஞ்சு சொறிஞ்சு சாவாய்." எண்ணெய் கொண்டுவந்து தானே பூசிவிட்டார். அலகை வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க ஒரு விரலளவு அறுபட்டது. அப்பா வட்டமாக, குழாயின் விளிம்பில் ஒரு கீறல்கூட விழாமல், வடை மாதிரி அதை வெட்டி எடுத்தார். அடைத்தவருக்குத்தானே தெரியும் எங்கே அறுப்பதென்று.

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "அம்மாட்டச் சொல்லிடாத."

"நான் சொல்லமாட்டன். நீங்களும் சொல்லாதீங்கோ."

"நான் எங்க சொல்ல? அவ என்னோட கதைக்கிறாவே?"

அம்மாவுக்குப் பயப்படுகிறது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

அப்பாவும் நானும் ஆளை ஆள் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. கோயிலில் குருத்தோலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டோம். அம்மா என் காதில், "என்ன ரெண்டு பேரும் கூட்டுக் களவு?" என்றா. களவு என்ற சொல் கேட்டதும் எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஊரே சத்தம் இல்லாமல் கிடக்கிறது. காற்றுகூட மெதுவாகத்தான். நான் பெட்டிகளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நாளை மறுநாள். பயமாக இருக்கிறது. ஒட்டின பலகை பெரிய சத்தத்துக்கு நிற்குமா? இதுவரை ம்ம்ம்ம் மட்டும்தானே கேட்டது?

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

எங்கே தொடங்குகிறது?

காலைப் பூசை முடிந்து வந்து, அம்மா போர்வையை எடுத்தா. "நாளைக்கு அஸ்மி நானா வருவார். துடைச்சாவது குடுப்பம்." வலது பெட்டியைத் துடைத்தா. இடது பெட்டிக்கு வந்தா. மூட்டில் துணி சிக்காமல் போனதும் நின்றா. திரும்ப ஒருதரம் துடைத்தா.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "குடுக்க முதல் ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லு."

"செத்த வீட்டில என்ன பாட்டு எண்டு கேள்."

நான் இரண்டு பேரின் தபாலையும் கொண்டுபோகவில்லை. போய்ச் செட்டைப் போட்டேன். அம்மாவின் பைலா ஒன்றைத் தேடி எடுத்தேன். விரல் வழுக்கி வேறு பாட்டுக்குப் போனது, திரும்ப வந்தேன். அழுத்தினேன்.

முதலில் தாளம். அது காதுக்கு வரவில்லை. காலுக்கு வந்தது. பாய்க்குக் கீழால் சீமெந்து வழியாக வந்தது. அலுமாரிக்குள் கிளாஸ்கள் ஒன்றோடு ஒன்று தட்டின. பிறகு இரண்டு பெட்டியும் சேர்ந்து, ஒரே வயிற்றால், வாய் திறந்து பாடின.

அம்மா துணியோடு நின்றா. நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வலது பெருவிரல். பிறகு குதிக்கால். பிறகு அம்மா போய்ச் சத்தத்தைக் கூட்டினா. ஒட்டின பலகையில் என் கையை வைத்தேன். அது அசையவில்லை. அம்மா இன்னும் கூட்டினா.

மற்றப் பக்க வேலிக்கு அங்கால் இருந்து, அடுத்த வீட்டு அன்ரனிப்பிள்ளை மாமாவின் மனைவி கத்தினா: "மக்டலின்! உயிர்த்திட்டியா?"

"ஓமடி!" என்று அம்மா கத்தினா.

பாட்டு முடிந்தது. "ஆர் செஞ்சது?" என்று கேட்டா. அப்பா திரும்பவும் கூரையைப் பார்த்தார். எங்கள் கூரையில் அப்படி என்னதான் இருக்கிறதோ. நான் சொன்னன். எல்லாத்தையும் சொன்னன், ஸம்ஹா, றீப்பை, கயிறு, சட்டி, மழை எண்டு சொன்ன பொய், எல்லாம் ஒரே மூச்சில. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு சொன்னன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டா.

"என்ர மீன் கத்தியை மழுக்கினது நீயா?"

"ஓம்."

"நான் அந்த மீன்களை எவ்வளவு ஏசினன்!"

பிறகு பின்பக்கத்துக்குப் போனா. துவாரத்தைச் சுற்றி ஃபைபர் விட்டுப்போன வட்டத்தைத் தடவினா. அப்பாவை நேரே பார்த்தா. நத்தாருக்குப் பிறகு முதல்முறை, என் வழியாக இல்லாமல்:

"இஞ்சாருங்கோ. இதை அடைச்சது நீங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். "கடலுக்குப் போனாத் தாழும் எண்டு..."

அம்மா பெட்டியில் சாய்ந்து, வழுக்கி, தரையில் இருந்து, கண்ணீர் வரச் சிரித்தா. எழும்பப் பார்த்து முடியாமல் அப்பாவிடம் கையை நீட்டினா. எழுப்பின கையை அம்மா விடவில்லை. அடுத்த பாட்டு வந்தது. அப்பாவுக்கு ஆடத் தெரியாது. போட்டில் நிற்கிற மாதிரிக் காலை அகட்டிக்கொண்டு ஆடினார். வேலி ஓட்டையால் ஸம்ஹாவின் தலை தெரிந்தது. இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அஸ்மி நானா ஆட்டோவோடு வந்துவிட்டார். பாட்டுச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றா அம்மா. "பெட்டி வராது."

"அருமை, நீ வாக்குத் தந்தியே?"

"தந்தன்தான்," என்றார் அப்பா. அவருக்கு வியர்த்தது. வாக்கு மாறுகிறது அவருக்குப் பழக்கமில்லை. "அண்டைக்கு அது செத்த பெட்டி, நானா. இப்ப அதுக்கு மேல கோப்பி வைச்சா, கோப்பி ஆடி ஊத்துப்படும். வாடியில ஒரு உடைஞ்ச போட்டின்ட மூக்கு கிடக்கு. நல்ல நீலம். கவிழ்த்துக் கண்ணாடி போட்டா மேசை. வெள்ளைக்காரன் அதோட நிண்டு படம் எடுப்பான். நானே ஒட்டி, அரம் போட்டு, பெயின்றும் அடிச்சுத் தாறன்."

அஸ்மி நானா விரலால் மேசையின் அளவைக் காற்றில் கீறினார். பிறகு, "அது இன்னும் நல்லா இரிக்கும் போல," என்றார். தேத்தண்ணியை ஊதிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். "இதை எவன் செஞ்சான்? லொட்ஜிலயும் ஒண்டு கிலுகிலு எண்டு கத்துது."

அப்பா கதவைக் காட்டினார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

"கதவா செஞ்சது?"

"வெளியில வாடி," என்றா அம்மா.

போனேன்.

ஏப்ரல் 25, சனி

அன்ரனிப்பிள்ளை மாமாவின் பெட்டிக்கு இன்று பசை. இத்தாலியில் இருந்து அவருடைய மகன் கொண்டுவந்தது, மேற்பலகை முழுதாகக் கழன்றுவிட்டது. ஸம்ஹா கீழே பிடித்தாள், நான் கயிற்றைச் சுற்றினேன். தடியை முறுக்க மேற்பலகை ஒரு பக்கம் வழுக்கியது. பிடிக்க ஆள் இல்லை.

முற்றத்தில் நின்ற அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தா. முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் பலகையை அமுக்கினா.

"இறுக்கு."

இறுக்கினேன்.

"இன்னும் இறுக்கு. உடையாது."

பக்கத்தில் எங்கள் பெட்டிகள் பாடிக்கொண்டிருந்தன. அம்மாவின் தலை தாளத்துக்கு ஆடியது, தலையோடு தோள், தோளோடு பலகை. பசைக் கோடு கோணலாகப் போகத் தொடங்கியது.

"அம்மா, ஆடாம நில்லுங்கோ!" எண்டு சத்தம் போட்டன்.

நான். அம்மாவைப் பார்த்து.

அம்மா ஆடாமல் நின்றா. கொஞ்ச நேரம்.